ஒன்பதாம் சோதனையின் கடைசி வரி

அக்கா, இந்தப் பஸ் நாலரைக்குள் வடசேரி பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடும்தானே? கண்டக்டரிடம் கேட்டால் "போகும், போகும்" என்கிறார். போகும் என்று எனக்கும் தெரியும். நாகர்கோவில் பஸ் நாகர்கோவிலுக்குப் போகாமல் வேறு எங்கே போகும்? எத்தனை மணிக்கு என்பதுதானே கேள்வி? அதைக் கேட்டால் அவருக்குக் கோபம் வருகிறது. ஐந்து மணிக்கு யூனிவர்சிட்டி கம்ப்யூட்டரில் மார்க்கைப் பூட்டிவிடுவார்கள், அக்கா. அதற்குள் அங்கே ஒரு காலேஜில் ஒருவரிடம் இந்த ஃபார்மில் கையெழுத்து வாங்கியாக வேண்டும். பூட்டிய பிறகு யார் நினைத்தாலும் திறக்க முடியாது.

எனக்கில்லை. நான் பாஸ். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. ஃபெயில் ஆனது அதோ, கடைசி சீட்டில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறானே, நீலச் சட்டை, அவன். ஜெபின். என் லேப் பார்ட்னர். இது கடைசி செமஸ்டர். அவனுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்திருக்கிறது. ஜூலையில் சேர வேண்டும், ஒரு அரியர்கூட இருக்கக் கூடாது. அவன் என்னடாவென்றால் நிம்மதியாகத் தூங்குகிறான். பாஸ் ஆன நான் கிலோமீட்டர் கல்லை எண்ணிக்கொண்டு வருகிறேன். நியாயமா?

அதைவிடப் பெரிய அநியாயம் கேளுங்கள். எங்கள் வகுப்பில் ஐம்பத்தொன்பது பேர். அதில் ஐம்பத்தேழு பேர் பரீட்சையில் பொய் சொன்னார்கள், பாஸ். ஒருத்தன் உண்மையைச் சொன்னான், ஃபெயில். நான் சண்டைக்காரி இல்லை. எங்கள் வீட்டில் அப்படிச் சொல்வார்கள், நம்பாதீர்கள். ஆனால் இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியுமா?

என்ன? என்ன பரீட்சையா? சொல்கிறேன், அதைச் சொல்லத்தான் வருகிறேன்.

எங்கள் லேபில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பலகை இருக்கிறது. அதில் ஒரு பட்டன். எட்டு வருஷத்துக்கு முன்னால் படித்த சீனியர்கள் செய்தது. அதை கம்ப்யூட்டரில் மாட்டிவிட்டு, பட்டனை அழுத்தினால் எத்தனை தடவை அழுத்தினோம் என்று திரையில் காட்டும். அவ்வளவுதான். ஆனால் பலகை பேசுவது கம்ப்யூட்டருக்குப் புரிய வேண்டுமே? அதற்கு நடுவில் ஒரு சின்ன நிரல் வேண்டும். அதற்குப் பெயர் டிரைவர். கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றையும் ஓட்டுகிற பெரிய நிரல் ஒன்று இருக்கிறது, கெர்னல். இந்தச் சின்ன நிரல் அதில் தொற்றிக்கொள்ளும். ஓடுகிற பஸ்ஸில் பையன்கள் ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள், பஸ் நிற்கிறதா? அந்த மாதிரி, கம்ப்யூட்டரை நிறுத்தாமலே டிரைவரை ஏற்றலாம், வேலை முடிந்ததும் இறக்கலாம். இதுதான் ஒன்பதாம் சோதனை. ஏற்று, ஐந்து தடவை அழுத்து, எண்ணிக்கையைப் பார், இறக்கு. நடந்ததை ரெக்கார்டு நோட்டில் எழுது. மேடம் கையெழுத்துப் போடுவார்கள். கையெழுத்தில்லாத ரெக்கார்டோடு போனால் பிராக்டிகல் பரீட்சைக்குள்ளேயே விடமாட்டார்கள்.

முதல் நாள் ஏற்றினேன், ஏறியது. ஐந்து தடவை அழுத்தினேன், ஐந்து என்றது. இறக்கச் சொல்லிக் கட்டளை கொடுத்தேன். அவ்வளவுதான். கர்சர் மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருக்கிறது. போகவும் இல்லை, வரவும் இல்லை. நிறுத்தச் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. கொல்வதற்கென்றே ஒரு கட்டளை இருக்கிறது, அதையும் கொடுத்தேன். சாகவில்லை. ஹேங்.

லேப் அசிஸ்டென்ட் சங்கரபாண்டி அண்ணன் வந்தார். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, கடைசி கமாண்டை அடிச்சியா?"

"ஆமாண்ணே. மேனுவல்ல இருக்கே."

"இருக்கும்மா. அதை எழுதணும். யாராவது அடிப்பாங்களா?"

சொல்லிவிட்டுப் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தார். அணைத்துவிட்டு ஆன் பண்ணினார். எட்டு வருஷமாக யாராவது தெரியாமல் அடித்துவிட்டால் அவர் இதைத்தான் செய்கிறாராம்!

அப்புறம்தான் எனக்கு விளங்கியது. ரெக்கார்டில் கடைசி வரி ஒன்று இருக்கிறது, அக்கா. "மாட்யூல் நீக்கப்பட்டது." மாட்யூல் என்றால் அந்த டிரைவர்தான். எல்லா சீனியர் நோட்டிலும் அதே வரி, பென்சிலில், கட்டம் போட்டு. அந்த வரியை எங்கே பார்த்து எழுதினீர்கள் என்றால் அவர்களுடைய சீனியர் நோட்டில். அவர்கள்? அவர்களுக்கும் சீனியர். எட்டு வருஷமாக யாருமே பார்க்காத ஒன்றை எட்டு வருஷமாக எல்லாரும் பார்த்ததாக எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்!

நேராக ஹெப்சிபா மேடத்திடம் போனேன்.

"மேடம், அது இறங்கல."

"எதும்மா?"

"ஒன்பதாவது எக்ஸ்பெரிமென்ட். ஹேங் ஆகுது. கடைசி வரி பொய் மேடம்."

மேடம் நல்லவர்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்கள். "இசக்கி, ஒரு வரிம்மா. எழுதிட்டுப் போயேன்."

"நடக்காததை எப்படி மேடம் எழுதுறது?"

"அப்ப நடக்க வச்சுக் காட்டு. இல்லன்னா எழுது. ரெண்டும் இல்லன்னா நான் சைன் போட மாட்டேன். மூணு வாரம் டைம்."

நீங்களே சொல்லுங்கள், இது நான் இழுத்துவிட்ட சண்டையா?

மூன்று வாரம், அக்கா. அந்த டிரைவர் இருநூறு வரி. எழுதினவன் யாரென்று தெரியாது, தெரிந்திருந்தால் வீட்டுக்கே போயிருப்பேன். ஒவ்வொரு வரியாக வாசித்தேன். ஒயரை மாற்றினேன். கம்ப்யூட்டரை மாற்றினேன். ஹேங் ஆகும், சங்கரபாண்டி அண்ணன் வந்து அணைப்பார், மறுபடி ஏற்றுவேன், மறுபடி ஹேங். ஒரு நாள் அவரே கும்பிட்டுவிட்டார். "தாயி, ஒன்னால என் பவர் பட்டன் குழி விழுந்துபோச்சு. ஒரு வரிதானே, நான் வேணா எழுதித் தாரேன்."

இதில் ஜெபின் வேறு. முதல் நாளே வந்து, "இசக்கி, எனக்கு இறங்கிட்டு" என்றான்.

"பொய் சொல்லாதல."

"இல்ல, நெசமாட்டு. நான் அடிச்சப்ப போச்சு. நான் நெனைக்கது என்னன்னா, அந்தப் பட்டன..."

"நீ நெனைக்கது இருக்கட்டும். என் முன்னால அடி பாப்போம்."

அடித்தான். இறங்கிவிட்டது! நான் அடித்தேன், ஹேங். அவன் அடித்தான், இறங்கியது. நான் அடித்தேன், ஹேங். ஒரே பலகை, ஒரே கம்ப்யூட்டர். எனக்கு வந்ததே கோபம். இவன் ஏதோ தில்லுமுல்லு செய்கிறான் என்று முடிவு கட்டினேன். அவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் வேறு உண்டு. கையில் எது கிடைத்தாலும் டிக் டிக் என்று அழுத்திக்கொண்டே இருப்பான். பேனா கிடைத்தால் பேனா, டார்ச் கிடைத்தால் டார்ச். அந்தப் பலகைப் பட்டனையும் விடமாட்டான். ஒரு விஷயத்தை ஒழுங்காகச் சோதிக்க வேண்டுமென்றால் இப்படிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தால் ஆகுமா? பலகையைப் பிடுங்கி என் பக்கம் வைத்துக்கொண்டேன். "கையை பாக்கெட்ல போட்டுக்கிட்டு அந்த ஓரத்துல நில்லு. கட்டளை மட்டும் வந்து அடி" என்றேன்.

அதற்கப்புறம் அவன் அடித்தாலும் ஹேங்தான். பார்த்தீர்களா? கண்டிப்பாக இருந்ததும் உண்மை வெளியே வந்துவிட்டது.

அவனும் விடவில்லை. கேன்டீனில் பரோட்டா சாப்பிடும்போது வந்து, "இசக்கி, ஒரு விஷயம்" என்பான். நான் அப்போது வேறொரு யோசனையில் இருப்பேன், அதைச் சொல்வேன். அவன் கேட்டுக்கொண்டிருப்பான். சாயங்காலம் நான் காலேஜ் பஸ் ஏறப் போனால் பின்னாலேயே வந்து, "இசக்கி, அந்தப் பட்டன்..." என்பான். "பட்டனைப் பத்திப் பேசின, கொன்னுருவேன்" என்பேன். மூன்று வாரமும் எனக்கு இவனாலும் பாதி நேரம் வீண்.

மூன்றாம் வாரம் வெள்ளிக்கிழமை கெடு. வியாழக்கிழமை மத்தியானம் லேபில் ஹேங் ஆகி நிற்கிறது. மேடமும் வந்து நிற்கிறார்கள். நான் மேடத்திடம் என் கட்சியை எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு பொய்யை எட்டு வருஷம் எழுதினால் அது உண்மையாகிவிடுமா, மேடம், நாளைக்கு இதே பழக்கத்தில் ஆஸ்பத்திரி மெஷினுக்கு டிரைவர் எழுதினால் என்ன ஆகும், மேடம், என்று இரண்டு கையையும் ஆட்டிப் பேசுகிறேன். ஒரு கால் மணி நேரம் இருக்கும். பக்கத்தில் "டிக்" என்று ஒரு சத்தம்.

திரும்பிப் பார்த்தால் திரையில் கர்சர் கீழே இறங்கி அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கிறது. டிரைவர் போய்விட்டது.

"என்னல பண்ணுன?"

ஜெபின் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான். "அழுத்துனேன்."

"எதுக்கு?"

"நீ பேசிக்கிட்டு இருந்த. நேரம் போகல."

அப்போதுதான், அக்கா, நான் கண்டுபிடித்தேன்! பளிச்சென்று விளங்கிவிட்டது. அந்த டிரைவருக்குள் ஒரு காவல்காரன் இருக்கிறான் என்று வையுங்கள். அவனுக்கு ஒரே வேலை. பட்டனை அழுத்தும்வரை தூங்க வேண்டும், அழுத்தினால் எழுந்து ஒன்றைக் கூட்டிவிட்டு மறுபடி தூங்க வேண்டும். டிரைவரை இறக்கும்போது கெர்னல் வந்து அவன் தோளைத் தட்டி, "வேலை முடிஞ்சது, கிளம்பு" என்கிறது. சொல்லிவிட்டு அவன் கிளம்பும்வரை வாசலிலேயே நிற்கிறது. இவன் கண்ணைத் திறப்பான். தன்னையே ஒரே ஒரு கேள்வி கேட்பான், "பட்டனை அழுத்தினார்களா?" இல்லை. மறுபடி படுத்துவிடுவான். கிளம்பச் சொன்னார்களா என்று அவன் கேட்பதே இல்லை! இவன் தூங்க, கெர்னல் நிற்க, ஆயுசுக்கும் அப்படியே. யாராவது பட்டனை அழுத்தினால் மட்டும் முழுசாக எழுந்து, கூட்டிவிட்டு, வெளியே எட்டிப் பார்ப்பான். "ஓ, கிளம்பச் சொல்லியிருக்காங்களா?" என்று போய்விடுவான்.

அந்த இடத்தில் இரண்டாவது கேள்வியைச் சேர்த்தேன். "பட்டனை அழுத்தினார்களா, அல்லது என்னைப் போகச் சொன்னார்களா?" ஒரே வரி. எட்டு வருஷத்து ஹேங் அன்றைக்குத் தீர்ந்தது. பட்டன் பக்கமே யாரும் போகாமல் பத்து தடவை ஏற்றி இறக்கினேன். பத்து தடவையும் இறங்கியது. சங்கரபாண்டி அண்ணன் கையைத் தட்டினார். ஜெபின் ஏதோ சொல்ல வந்தான். "இதத்தான் நான் மொதல் நாள்ல இருந்து..." என்றான். "இருல, முதல்ல இதை சேவ் பண்ணிடுறேன்" என்றேன். சேவ் பண்ணாமல் போனால் என்ன ஆவது?

ரெக்கார்டில் உண்மையை எழுதினேன். இரண்டு பக்கம். நீக்கும்போது ஹேங் ஆனது, காரணம் இது, இதை நான் கண்டுபிடித்து இந்த வரியை மாற்றினேன், பிறகு மாட்யூல் நீக்கப்பட்டது. மேடம் வாசித்துவிட்டு எழுந்து நின்றே கையெழுத்துப் போட்டார்கள். எனக்குக் கண்ணெல்லாம் கலங்கிவிட்டது.

அதோடு விட்டிருக்கலாம். மேடத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் நோட்டைக் கையில் தூக்கிப் பிடித்து வகுப்பில் சொன்னார்கள். "இங்க பாருங்க. ஒன்பதாவது எக்ஸ்பெரிமென்ட் இனிமே இப்படித்தான் இருக்கணும். பழசு எழுதினவங்க எல்லாரும் மாத்தி எழுதிட்டு வாங்க. அப்பத்தான் சைன்."

சாயங்காலத்துக்குள் என் இரண்டு பக்கமும் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில். திங்கட்கிழமை ஐம்பத்தேழு நோட்டிலும், "இதை நான் கண்டுபிடித்து இந்த வரியை மாற்றினேன்"! கமா முதற்கொண்டு. டிரைவரைத் திறந்தே பார்க்காதவர்கள், அக்கா! பட்டன் என்ன நிறம் என்று கேட்டால் தெரியாதவர்கள்! எட்டு வருஷத்துப் பொய்யை நான் ஒழித்துக்கட்டினால், அந்த இடத்தில் இரண்டு பக்கத்துக்குப் புதுசாக ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். ஜெபினும் எழுதினான். எழுதாவிட்டால் கையெழுத்து இல்லையே.

முந்தாநாள் பரீட்சை. வெளியிலிருந்து தேர்வாளர் வந்தார், நாகர்கோவில்காரர், தாணுலிங்கம் சார். ஒவ்வொரு நோட்டாகப் புரட்டினார். ஒவ்வொருத்தரிடமும் ஒரே கேள்வி. "இத நீங்களே கண்டுபிடிச்சீங்களா?"

"ஆமா சார்."

"நீங்க?"

"ஆமா சார்."

அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும், முகத்திலேயே தெரிந்தது. ஆனால் ஆமாம் என்கிறவனை என்ன செய்வது? அடுத்த கேள்வி கேட்டு அனுப்பிவிட்டார்.

என் முறை வந்தது. நான் ஆமாம் என்று சொல்லி நிறுத்தவில்லை. விளக்கினேன். காவல்காரன், கெர்னல், முதல் கேள்வி, இரண்டாவது கேள்வி, எல்லாம். சங்கரபாண்டி அண்ணன் கொண்டுவந்து வைத்த டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. "போதும்மா, தெரியுது, நீதான் பண்ணியிருக்க. போதும்" என்று தொண்ணூற்றெட்டு போட்டுவிட்டார். நான் இன்னும் முடிக்கவே இல்லை. பட்டனை அழுத்தியது ஜெபின் என்கிற இடத்துக்கு வருவதற்குள் நிறுத்திவிட்டார். ஒருவரைக் கேள்வி கேட்டால் முழுசாகக் கேட்க வேண்டாமா? சொல்லியிருப்பேன், அக்கா. கண்டிப்பாகச் சொல்லியிருப்பேன். அடுத்து அதைத்தான் சொல்வதாக இருந்தேன்.

எனக்கு அடுத்து ஜெபின்.

"இத நீங்களே கண்டுபிடிச்சீங்களா?"

"இல்ல சார்."

சார் நிமிர்ந்தே உட்கார்ந்துவிட்டார். "பெறகு யாரு?"

"இசக்கி சார்."

"அப்ப நீ என்ன செஞ்ச?"

"பட்டன அழுத்துனேன் சார்."

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். சார் சிரிக்கவில்லை. "அடுத்தவ எழுதினத 'நான்'னு எழுதியிருக்க, அத ஒத்துக்கவும் செய்யிற" என்று ஃபெயில் போட்டார். வகுப்பிலேயே ஒத்துக்கொண்டவன் அவன் ஒருத்தன்தான், அதனால் அவன் ஒருத்தனுக்குத்தான் தண்டனை. என்ன நியாயம் இது?

இன்றைக்குக் காலையில் ஹெப்சிபா மேடம் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். மார்க் இன்னும் ஏறவில்லை, ஐந்து மணிவரை திருத்தலாம், திருத்தும் ஃபார்மில் மேடம் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், தாணுலிங்கம் சாரும் போட வேண்டும். போனில் பேசிவிட்டார்கள். "பையன நேர்ல அனுப்புங்க. அவன் வாயால கேக்கணும், திருப்தியா இருந்தா போடுதேன்" என்றாராம். ஜெபினைப் பார்த்தால் ஹாஸ்டலில் சட்டை துவைத்துக்கொண்டிருக்கிறான். "விடு இசக்கி, நவம்பர்ல எழுதிக்கலாம்" என்கிறான். நவம்பர்வரை பெங்களூர்க்காரன் காத்திருப்பானா? ஈரச் சட்டையோடு இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

நீங்கள் நாங்குநேரியில் ஏறும்வரை அவன் உங்கள் இடத்தில்தான் இருந்தான். அவனைத் தயார்ப்படுத்தலாம் என்று நினைத்தேன்.

"சார் கேட்டா என்னல சொல்லுவ?"

"பட்டன அழுத்துனேன்னு."

"ஏன் அழுத்துனன்னு சொல்லு. வெறும் பட்டன்னு சொன்னா மறுபடியும் ஃபெயில்தான்."

"நான் சொல்லட்டா?" என்றான். "சொல்லித் தொலை" என்றேன். பஸ்ஸுக்குள் ஒரே சத்தம், ஏர் ஹாரன் வேறு, எனக்கும் தொண்டை கட்டியிருந்தது. அதனால் அவனே பேசினான். முதல் நாள் அவனுக்கு இறங்கியபோது சரியாகப் பட்டனை அழுத்திய நொடியில்தான் இறங்கியதாம். சந்தேகம் வந்து நாலு தடவை வேண்டுமென்றே செய்து பார்த்தானாம். அழுத்தினால் இறங்குகிறது, அழுத்தாவிட்டால் இல்லை. எந்த இடத்தில் காவல்காரன் தூங்குகிறான் என்றுகூடப் பென்சிலில் தன் ரஃப் நோட்டின் பின்னட்டையில் எழுதி வைத்திருக்கிறான், பையிலிருந்து எடுத்துக் காட்டினான். தேதி போட்டிருந்தான், அக்கா. முதல் நாள் தேதி. வியாழக்கிழமை நேரம் போகாமல் அழுத்தினேன் என்று சொன்னதுகூட மேடம் முன்னால் என்னை விட்டுக்கொடுக்க வேண்டாம் என்றுதானாம்.

"மூணு வாரம் என் கூடவே இருந்தியே, ஏன்ல என்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

என்னைப் பார்த்தான். அப்புறம் எழுந்து கடைசி சீட்டுக்குப் போய்க் கண்ணை மூடிக்கொண்டான். கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டாமா?

என்ன அக்கா சிரிக்கிறீர்கள்?

ஆரல்வாய்மொழி தாண்டிவிட்டது, பாருங்கள், காற்றாலைக் காற்றாடியெல்லாம் பின்னால் போய்விட்டது. மணி நாலு. வடசேரியில் இறங்கினால் ஆட்டோவில் பத்து நிமிஷம். எனக்கு இப்போது ஒரே ஒரு பயம்தான். இவன் சார் முன்னால் போய் நின்று மறுபடியும் "பட்டன அழுத்துனேன்" என்று நிறுத்திவிட்டால்? அதனால் நான் முதலில் ஒரு இரண்டு நிமிஷம் பின்னணியை விளக்கிவிட்டு...

என்ன? நான் உள்ளேயே போகக் கூடாதா?

வெளியே என்றால், அறைக்கு வெளியேயா? கதவைச் சாத்திவிட்டா? அக்கா, நீங்கள் நல்லவர் மாதிரி இருந்தீர்கள்.

கதவு கொஞ்சம் திறந்திருந்தால்கூடவா?

...சரி. பின்னட்டையில் எழுதின அந்த நோட்டை மட்டும் அவன் கையில் கொடுத்துவிட்டு வெளியே நிற்கிறேன். எத்தனை நிமிஷம் நிற்க வேண்டும்? அவன் முடிக்கிறவரைக்குமா? அவன் மெதுவாகப் பேசுவான், அக்கா. வாக்கியத்துக்கு வாக்கியம் மூச்சு விடுவான். நான் எப்படித் தாங்குவேன் என்று தெரியவில்லை. சரி, நிற்கிறேன்.

வடசேரி வந்துவிட்டதா? வருகிறேன், அக்கா. பையைத் தாருங்கள், நான் இறக்கி வைக்கிறேன்.

ஏல ஜெபின்! எந்திரி. எந்திரில, வந்துட்டோம். சார்கிட்ட நீ மட்டும் போற, நான் வெளிய நிக்கேன். அங்க போய் நீ முதல்ல என்ன சொல்லணும்னா...

இல்ல. நீ சொல்லு. என்ன சொல்லப் போற? முதல்ல இருந்து சொல்லு, நான் கேக்கேன்.